எடுத்தேன்னு சொல்லுடா

"அது ஒரு நாள் கண்ணை மூடிடுச்சுன்னா என்ன பண்ணுவீங்க?"

"எது?"

"உங்க கம்ப்யூட்டர்தான்."

"நான் இருக்கேன்ல."

"எந்தத் துணி யாரோடதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"அதான் கம்ப்யூட்டர்ல இருக்கே."

"அது கண்ணை மூடிடுச்சுன்னா?"

"ஏன் அதையே கேக்கறே? யார் கேக்கச் சொன்னாங்க?"

இந்தப் பேச்சு நடந்து மாதங்கள் ஆகிவிட்டன. மனைவி கேட்டது சாதாரணக் கேள்வி. கணவர் காதில் விழுந்தது வேறு. மறுநாள் கடையைத் திறந்ததும் அவர் செய்த முதல் வேலை, பாஸ்வேர்டை மாற்றியது.

திங்கட்கிழமை காலை, கறுத்துக் கிடந்த திரையின் முன்னால் நின்றபோது அந்தப் பேச்சு சொல் பிசகாமல் நினைவுக்கு வந்தது. பொத்தானை அமுக்கிப் பார்த்தார். பக்கவாட்டில் தட்டிப் பார்த்தார். வாயால் ஊதிப் பார்த்தார். திரையில் தெரிந்தது அவர் முகம் மட்டும்தான். அதையும் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்த்தார்.

அவருடையது சலவைக் கடை. கோட்டு, கவுன், கம்பளி, திரைச்சீலை என்று தெருவின் பாதி மானம் அவர் கடை ஹேங்கர்களில் தொங்கும். அவர் காதுபடாமல் எல்லோரும் அவரை 'ஒத்தச்சாவி' என்பார்கள். வயதுக்கு மரியாதை கொடுத்து நாம் ஒற்றைச்சாவியார் என்றே சொல்வோம். கடைக்கு ஒரே சாவி, மேஜைக்கு ஒரே சாவி, இரண்டும் அவர் இடுப்பில். இரண்டாவது சாவி செய்தால் அது இரண்டாவது திருடனுக்குச் செய்வது என்பது அவருடைய சித்தாந்தம்.

துணிகளுக்கும் அதே சித்தாந்தம்தான். மற்ற கடைகளில் பில்லில் இருக்கும் நம்பரே துணியிலும் இருக்கும். ஒற்றைச்சாவியார் கடையில் பில்லில் ஒரு நம்பர், துணியில் குத்திய டேக்கில் வேறொரு நம்பர். எப்போதோ ஒருவன் தெருவில் கிடந்த பில்லைக் கொண்டுவந்து நீட்டி, யாருடையதோ ஒரு கம்பளிக் கோட்டை வாங்கிக்கொண்டு போய்விட்டானாம். அன்றிலிருந்து இப்படி. இந்த நம்பருக்கு அந்த நம்பர், அந்த நம்பருக்கு இன்னார் என்று மூன்றும் சேரும் இடம் உலகத்திலேயே ஒன்றுதான். அதுதான் இப்போது கண்ணை மூடிக்கொண்டு கிடந்தது.

முதல் வாடிக்கையாளர் பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியை. பில்லை நீட்டி, சாம்பல் நிறக் கோட்டு என்றார்.

"இன்னும் காயலைங்க," என்றார் ஒற்றைச்சாவியார்.

"நான் ட்ரை க்ளீனிங்குக்குத்தானே குடுத்தேன்?"

"அதான்… அது ரொம்ப ட்ரை ஆகணும்."

தலைமை ஆசிரியை கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தார். வீட்டுப்பாடம் செய்யாமல் கதை சொல்லும் பையன்களை எத்தனையோ வருடம் பார்த்த பார்வை அது. நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் தலை மறைந்ததும் ஒற்றைச்சாவியார் கடைக்குள் திரும்பினார். கடையில் வேலை பார்ப்பவர்கள் இரண்டே பேர். துணி வாங்கிக் கொடுக்கும் கவுன்டர்க்காரம்மா. பின்கட்டில் இஸ்திரி மாஸ்டர். கவுன்டர்க்காரம்மா நிதானமாகப் பேனா மூடியைத் தேடிக்கொண்டிருந்தார். கடையே கவிழ்ந்து கிடக்கும்போது ஒரு மனுஷிக்கு நிதானம் எங்கிருந்து வரும்? தப்பு செய்யாதவள் பதறமாட்டாளா? இஸ்திரி மாஸ்டரோ பதறிப்போய் எட்டி எட்டிப் பார்த்தார். தப்பு செய்யாதவன் எதற்குப் பதற வேண்டும்? இரண்டு பேர் மேலும் சந்தேகம் சரிசமமாக விழுந்தது.

"முதலாளி, வர்றவங்ககிட்ட கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சுன்னு சொல்லிடலாமா?" என்று கேட்டார் கவுன்டர்க்காரம்மா.

"சொல்லு. அப்படியே ரோட்டைத் தாண்டி எதிர்க் கடைக்காரன்கிட்டயும் போய்ச் சொல்லிட்டு வா."

எதிர்க் கடைக்காரன் வேறு யாருமில்லை. அவருடைய சொந்தத் தம்பி. இந்தக் கடையை அண்ணனும் தம்பியும் சேர்ந்துதான் ஆரம்பித்தார்கள். வாடிக்கையாளர்களின் பேர், போன் நம்பர்களைத் தம்பி களவாக எடுத்துவைத்துக்கொண்டு தனிக்கடை போடத் திட்டமிடுகிறான் என்று ஒரு நாள் அண்ணனுக்குத் தோன்றியது. எடுத்தாயா என்று கேட்டார். எடுக்கவில்லை என்றான். எடுத்தவன் எவன் எடுத்தேன் என்று சொல்லியிருக்கிறான்? தம்பி அன்றைக்கே வெளியேறினான். வேறு பிழைப்பு தெரியாததால் கொஞ்ச நாள் கழித்து எதிரிலேயே ஒரு சலவைக் கடை போட்டான். அண்ணனுக்கு அதுவே சாட்சி, அதுவே தீர்ப்பு. அன்று முதல் அவர் எதிர்ப்பக்க நடைபாதையில் கால் வைத்ததில்லை. மருந்துக் கடை அந்தப் பக்கம் இருந்ததால் தலைவலியைக்கூடப் பொறுத்துக்கொண்டார்.

ஆக, உண்மையைச் சொல்லக் கூடாது என்று முடிவாயிற்று. வந்தவர்களுக்கெல்லாம் வாயில் வந்ததைச் சொன்னார். ஒருவரிடம் இஸ்திரி மாஸ்டருக்குக் காய்ச்சல். இன்னொருவரிடம் இஸ்திரி மாஸ்டர் ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்கிறார். இருவரும் தெருமுனை டீக்கடையில் சந்தித்துக் கதையை ஒப்பிட்டுக்கொண்டிருந்தபோது, காய்ச்சலும் கல்யாணமும் ஒருங்கே கொண்ட இஸ்திரி மாஸ்டர் பக்கத்தில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார். மாலைக்குள் தெருவே இந்தக் கடையைச் சந்தேகமாகப் பார்க்கத் தொடங்கியது. ஒற்றைச்சாவியாருக்கு அது புது அனுபவம். இதுவரை அவர்தான் தெருவைப் பார்த்து வந்தார்.

மதியச் சாப்பாடு கொண்டுவந்த மனைவி விஷயத்தைக் கேட்டுவிட்டு, தனக்குத் தெரிந்த ஒரு மெக்கானிக் இருப்பதாகச் சொன்னார். அந்த ஒரு கேள்வியை விட்டால், உலகத்தில் அவர் சந்தேகப்படாத ஒரே ஜீவன் மனைவிதான். ஞாயிற்றுக்கிழமைகளில் கடையைத் துடைக்கக்கூட மனைவியைத் தவிர வேறு யாரையும் விடமாட்டார். கடை விவகாரம் எதுவும் அவளுக்குத் தெரியாது, அதனால் பயமில்லை என்பது அவர் கணக்கு.

மெக்கானிக் ஒல்லியான ஆள். உள்ளே வந்ததும் மனைவியைப் பார்த்து, "அக்கா…" என்று ஏதோ தொடங்கினார். "முதல்ல மெஷினைப் பாருங்க," என்றார் மனைவி. முன்பணம் கேட்க வந்தவன் என்று ஒற்றைச்சாவியார் புரிந்துகொண்டார். நாற்காலியை இழுத்து மெக்கானிக்கின் முழங்காலோடு முழங்கால் உரச உட்கார்ந்தார். மெக்கானிக் ஒரு திருகாணியைக் கழற்றினால் அதை வாங்கித் தன் உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டார்.

"பாஸ்வேர்டு என்ன சார்?"

"எதுக்கு?"

"ஒருவேளை திரும்ப ஓடுச்சுன்னா உள்ள போய்ப் பாக்கணும்ல."

"ஓடினா நானே அடிக்கிறேன். அப்ப நீ சுவத்தைப் பார்த்துத் திரும்பி நிக்கணும்."

மெக்கானிக் பெருமூச்சு விட்டார். "சரி, இதுல இருக்கிறதுக்கு ஒரு காப்பி வேற எங்கேயாவது இருக்கா?"

"காப்பி எடுத்து வச்சா அதை எவனாவது திருடிடுவானே."

"இப்ப திருடுறதுக்கும் ஒண்ணும் இல்லாம போயிடுச்சே சார்."

பின்கட்டிலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டு, உடனே இருமலாக மாறியது. ஒற்றைச்சாவியார் அதைக் குறித்துக்கொண்டார்.

டிஸ்கை எடுத்துக்கொண்டு போய்த் தன் பட்டறையில் வைத்துத்தான் பார்க்க வேண்டும் என்றார் மெக்கானிக். அரை மணி நேரம் வாக்குவாதம். கடைசியில் டிஸ்கை ஒரு பெட்டியில் வைத்து, நாலு பக்கமும் டேப் ஒட்டி, டேப்பின் மேல் ஒற்றைச்சாவியார் கையெழுத்துப் போட்டார். பிரிக்காமல் எப்படிப் பழுது பார்ப்பது என்று மெக்கானிக் கேட்டார். அது உன் சாமர்த்தியம் என்றார் ஒற்றைச்சாவியார்.

செவ்வாய்க்கிழமை அவர் ஒரு புது வழி கண்டுபிடித்தார். வருகிறவர்கள் தங்கள் துணியை வாயால் விவரிக்க வேண்டும். விவரம் பொருந்தினால் துணி கைக்கு வரும்.

மனிதர்களுக்குத் தங்கள் துணியைப் பற்றி இவ்வளவு உயர்ந்த அபிப்பிராயம் இருக்கும் என்று அவருக்கு அன்றுதான் தெரிந்தது. தன் கோட்டு பழசு என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. எல்லாருடையதும் நல்ல துணி, உள்ளே பட்டுத் துணி வைத்துத் தைத்தது, பொத்தான் ஒன்றுகூடப் போகாதது. ஒற்றைச்சாவியார் விடுவாரா? குறுக்கு விசாரணை நடந்தது.

"உள்பாக்கெட் எந்தப் பக்கம்?"

"இடது பக்கம்."

"இடது பக்கம்னா யாருக்கு இடது? போட்டுக்கிட்டவருக்கா, எதிர்ல நிக்கறவருக்கா?"

"யோவ், கோட்டுப் பையைக் கேக்குறியா, சொத்துப் பத்திரத்தைக் கேக்குறியா?"

அவ்வளவு விசாரித்தும், கறுப்புக் கோட்டுகள் அவரை ஏமாற்றின. வக்கீல் ஒருவர் அவசரமாக வந்து, விவரம் சொல்லி, ஒரு கறுப்புக் கோட்டை வாங்கிக்கொண்டு நேராகக் கோர்ட்டுக்குப் போனார். அது அவரைவிட ஒரு சுற்றுப் பெரிய மனிதருடையது. கைகள் இரண்டும் வெளியே தெரியாமலே அவர் வாதாட வேண்டியதாயிற்று. எதிர்த்தரப்பைச் சுட்டிக்காட்ட வேண்டிய இடத்தில் வெறும் கோட்டுக் கை மட்டும் தொங்கி ஆடியதாம். மத்தியானம் அந்தக் கோட்டுக் கையோடு கடை வாசலில் வந்து நின்று அவர் பேசியதை, பக்கத்து வீட்டுக்காரர்கள் ஜன்னலைத் திறந்துவைத்துக் கேட்டார்கள். அந்தக் கோட்டின் உண்மையான சொந்தக்காரரோ, அக்குளுக்கு மேல் ஏறாத இன்னொரு கோட்டோடு வந்து வக்கீலுக்குப் பின்னால் வரிசையில் நின்றார்.

"நேத்தே உண்மையைச் சொல்லியிருந்தா…" என்று ஆரம்பித்தார் கவுன்டர்க்காரம்மா.

"நீ எதுக்கு உண்மை உண்மைன்னே நிக்கறே? உனக்கு அதுல என்ன லாபம்?"

புதன்கிழமை அவர் இன்னும் பெரிதாக யோசித்தார். பழைய டேக்குகளையெல்லாம் பிடுங்கி எறிந்துவிட்டு, எல்லாத் துணிக்கும் புதிதாக நம்பர் போட்டுவிடுவது. பிறகு துணிகளைக் கடை முழுக்கக் கயிறு கட்டித் தொங்கவிடுவது. சொந்தக்காரர்கள் தெருவில் நின்று கண்ணாடி வழியாகப் பார்த்து, என்னுடையது அது என்று விரலால் காட்டலாம். உள்ளே விட்டால் திருடிவிடுவார்கள் அல்லவா?

டேக்கைப் பிடுங்கச் சொன்னதும் இஸ்திரி மாஸ்டருக்குத் திடீரென்று மணிக்கட்டில் வலி வந்துவிட்டது. இத்தனை வருடம் இரும்புப் பெட்டியைத் தூக்கி வராத வலி. கவுன்டர்க்காரம்மாவுக்குக் கண் மங்கியது. பழைய டேக் பழையபடியே இருக்க, அதன்மேல் புது டேக்கை மட்டும் இரண்டு பேரும் எறும்பு ஊர்கிற வேகத்தில் குத்திக்கொண்டிருந்தார்கள். இதில் ஏதோ இருக்கிறது என்று ஒற்றைச்சாவியாரின் மூக்கு சொன்னது. ஆனால் வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டதால் மூக்கு சொன்னதை மனது கேட்க நேரமில்லை.

கண்ணாடிக்கு வெளியே இருபது விரல்கள் இருபது திசையில் நீண்டன. ஒரே கவுனை இரண்டு பெண்கள் காட்டினார்கள். ஒரு திரைச்சீலையை யாருமே காட்டவில்லை. தலைமை ஆசிரியை கூட்டத்தில் நின்று, இன்னும் காயவில்லையா என்று சைகையால் கேட்டார். அந்தக் கூட்டத்திலிருந்து ஓர் அம்மாள் தன் அழுக்குத் துணி மூட்டையோடு மெல்ல விலகி, ரோட்டைக் கடந்து, எதிர்க் கடைக்குள் நுழைந்தார். அவரைப் பார்த்து இன்னொருவர். அப்புறம் ஒரு குடும்பமே.

ஒற்றைச்சாவியார் கடைக்கதவைப் பாதி இழுத்துவிட்டு, தொங்கும் கோட்டுகளுக்கு நடுவே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தார். அவரைச் சுற்றித் தலையில்லாத மனிதர்கள் கூட்டமாக நிற்பதுபோல இருந்தது. இன்னும் இரண்டு நாள் இப்படிப் போனால் கடை இருக்காது. துணியைத் தொலைத்த சலவைக்காரனிடம் யார் மறுபடி துணி கொடுப்பார்கள்? கையில் தொழில் வேறு கிடையாது. இந்த வயதில் யாரிடம் போய் நிற்பது?

அப்போதுதான் அந்த யோசனை வந்தது.

யாராவது அவரிடம் திருடியிருந்தால்?

ஆமாம், யாராவது அந்த விவரங்களைத் திருடி வைத்திருந்தால், அது இந்நேரம் பத்திரமாக எங்கேயோ இருக்குமே. கஷ்டகாலத்தில் பெட்டியைத் திறந்து நகைகளை எடுத்துப் பார்ப்பதுபோல, இத்தனை வருடமாகச் சேர்த்துவைத்த சந்தேகங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். ஒன்றாவது அசலாக இருக்காதா?

முதலில் கவுன்டர்க்காரம்மாவைக் கூப்பிட்டார். இதுவரை இல்லாத கனிவோடு ஸ்டூலை நகர்த்தி உட்காரச் சொன்னார்.

"இத பாரும்மா. நீ எனக்குத் தெரியாம எதையாவது எடுத்து வச்சிருந்தா, நான் கோவிச்சுக்க மாட்டேன்."

"எதை முதலாளி?"

"நம்பர், பேரு… எதையாவது. நான் பின்னாடி போயிருந்தப்ப திரையை எட்டிப் பார்த்து, எழுதி கிழுதி…"

அந்த அம்மாளின் கண்கள் நிறைந்துவிட்டன. இந்தக் கடையில் ஒரு குண்டூசி எடுத்திருப்பேனா, என்னைப் பார்த்து இப்படிக் கேட்கலாமா என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஒற்றைச்சாவியாருக்கும் கண் கலங்கியது, வேறு காரணத்துக்காக.

"ஒரு குண்டூசிகூடவா எடுக்கலை?" என்று நம்பிக்கை இழந்து கேட்டார்.

இஸ்திரி மாஸ்டரோ நிமிர்ந்து நின்றார். கோட்டுப் பைகளில் மறந்து விட்டுப்போன சில்லறையைக்கூடத் தேடிப்போய்க் கொடுத்தவன் நான் என்றார். உங்களுக்குத்தான் தெரியுமே என்றார். தெரியும். அப்போதே அதைச் சந்தேகப்பட்டிருந்தார், இவ்வளவு யோக்கியமாக இருப்பவன் எதையோ மறைக்கிறான் என்று. இப்போது பார்த்தால் அவர் மறைத்தது ஒன்றுமே இல்லை. எப்பேர்ப்பட்ட ஏமாற்றம். சுற்றிலும் ஒரு திருடன் இல்லாமல் இத்தனை காலம் கடை நடத்தியிருக்கிறார்.

மிச்சம் இருந்தது ஒரே ஒருவன். அவனிடம் இருப்பது பழைய பட்டியலாகத்தான் இருக்கும்; முழுகுகிறவனுக்கு அதுவும் ஒரு கட்டைதான்.

சாப்பாட்டுப் பாத்திரத்தை எடுத்துப்போக வந்திருந்த மனைவி, அவர் பார்வை கண்ணாடி வழியாக எதிர்க் கடைக்குப் போவதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"போய்க் கேளுங்க," என்றார்.

"எந்த முகத்தை வச்சுக்கிட்டுக் கேக்கறது?"

"இருக்கிற முகம்தான். அவர் எடுத்திருந்தா கடை பிழைச்சுக்கும்."

"எடுக்கலேன்னா?"

மனைவி பாத்திரத்தை மூடினார். "எடுக்கலேன்னா, அதுவும் தெரிஞ்சுக்க வேண்டிய விஷயம்தானே."

ரோடு ஒன்றும் அகலமானது இல்லை. இருந்தாலும் அதைக் கடக்க ஒற்றைச்சாவியாருக்கு நேரமாயிற்று. நடுவில் நின்று, வராத வண்டிக்கெல்லாம் வழிவிட்டார். எதிர்ப்பக்க நடைபாதையில் கால் வைத்தபோது, இங்கிருந்து பார்த்தால் தன் கடை எவ்வளவு இருட்டாக இருக்கிறது என்று பட்டது.

தம்பி கவுன்டரில் இருந்தான். காதோரம் நரைத்திருந்தது. அந்த நரை எப்போது வந்தது என்று அண்ணனுக்குத் தெரியவில்லை. தம்பி எழுந்து நின்றான்.

"வாங்கண்ணா."

"துணி போட வரலை."

"தெரியும். உக்காருங்க."

உட்காரவில்லை. கவுன்டரின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். குரலைத் தாழ்த்தினார்.

"அன்னிக்கு நீ எடுத்தேல்ல… அது இன்னும் வச்சிருக்கியா?"

"எது?"

"என் கஸ்டமர் விவரம்."

தம்பியின் முகம் மாறியது. "அன்னிக்கே சொன்னேன், நான் எடுக்கலைன்னு."

"அன்னிக்குச் சொன்னது இருக்கட்டும். அன்னிக்கு நான் கோவமா கேட்டேன், நீயும் பயந்துக்கிட்டுச் சொல்லியிருப்பே. இப்ப பாரு, கோவமே இல்லை. எடுத்திருந்தா சந்தோஷப்படுவேன். எடுத்தேன்னு சொல்லுடா."

"எடுக்கலைண்ணா."

"பாதியாவது?"

"ஒரு பேருகூட எடுக்கலை."

உள்ளே எங்கேயோ ஒரு மெஷின் சுற்றிக்கொண்டிருந்தது. அண்ணன் தம்பியின் கண்ணையே பார்த்தார். வாழ்நாள் முழுவதும் மற்றவர்கள் கண்ணில் பொய்யைத் தேடியவர் அவர். இன்று ஒரே ஒரு பொய்யாவது கிடைக்காதா என்று மனமாரத் தேடினார். கிடைக்கவில்லை. அன்றைக்கும் கிடைத்திருக்காது. அன்றைக்கு அவர் பார்க்கவே இல்லை.

மெல்ல உட்கார்ந்தார்.

"அப்ப எப்படிடா ஜனங்க உன்கிட்ட வந்தாங்க?"

"தானாத்தான் வந்தாங்க. உங்க கடையில பாக்கெட் எந்தப் பக்கம்னு கேப்பீங்களாமே."

"அது நேத்துதான் கேட்டேன்."

"அதுக்கு முன்னாடியும் ஏதாவது கேட்டுக்கிட்டுதானேண்ணா இருந்தீங்க."

அண்ணன் நாலாபுறமும் பார்த்துவிட்டு, உன் கம்ப்யூட்டர் போனால் நீ என்ன செய்வாய் என்று கேட்டார். தம்பி மறைக்காமல் சொன்னான். தினமும் கடை மூடும்போது ஒரு காப்பி எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோவதாகவும், இன்னொன்று மாமனார் வீட்டில் இருப்பதாகவும் சொன்னான். கடை தீப்பிடித்தாலும் வீடு இருக்கும், வீட்டுக்கும் ஆபத்து என்றால் மாமனார் வீடு இருக்கும். பாஸ்வேர்டு அவன் மனைவிக்கும் தெரியும், கடை ஆளுக்கும் தெரியும். அவன் படுத்துக்கொண்டாலும் கடை ஓட வேண்டும் அல்லவா?

"கடை ஆளுக்குமா?" அண்ணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

"அது மட்டும் இல்லண்ணா. மாசத்துல ஒரு நாள் வேணும்னே கம்ப்யூட்டரை அணைச்சுப் போட்டுட்டு, காப்பியை வச்சே கடை நடத்திப் பார்ப்போம். காப்பி வச்சிருக்கோம்னு நினைச்சுக்கிட்டே இருந்து, தேவைப்படற அன்னிக்கு அது திறக்கலேன்னா?"

"நல்லா ஓடுறதை எவனாவது வேணும்னே நிறுத்துவானா?"

"நிறுத்திப் பார்த்தாதானேண்ணா எங்க ஓட்டைன்னு தெரியும்."

பைத்தியக்காரத்தனம் என்று சொல்ல வாயெடுத்தவர், கண்ணாடி வழியாகத் தன் கடை வாசலில் நிற்கும் கூட்டத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார்.

தம்பி சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு அவரோடு கிளம்பினான். ரோட்டைக் கடந்து, அண்ணன் கடைப் படியில் ஏறி, கூட்டத்தைப் பார்த்து உள்ளதை உள்ளபடியே சொன்னான். கம்ப்யூட்டர் கெட்டுவிட்டது, துணியெல்லாம் பத்திரமாக இருக்கிறது, தவறிப் போனால் கடை பொறுப்பு, ஒவ்வொருவரும் பேரைச் சொல்லிப் பில்லைக் காட்டிவிட்டுப் போனால் கண்டுபிடித்து வீட்டுக்கே கொண்டுவந்து கொடுப்போம் என்றான். அவ்வளவுதான். ஒற்றைச்சாவியார் கூட்டம் பாயப்போகிறது என்று ஒரு கோட்டின் பின்னால் நகர்ந்துகொண்டார். ஆனால் கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்து அடங்கியது. இதைத் திங்கட்கிழமையே சொல்லியிருந்தால் நான் வேறு கோட்டு போட்டுக்கொண்டிருப்பேனே என்றார் தலைமை ஆசிரியை. வக்கீல்கூட, இந்தக் கேஸில் உங்களை மன்னித்துவிட்டேன் என்றார். ஒவ்வொருவராகப் பேரைச் சொல்லிக் கலைந்தார்கள். மூட்டையோடு எதிர்ப்பக்கம் போன அம்மாள், தம்பியை இங்கே பார்த்துக் குழம்பிப்போய், மூட்டையோடு இந்தப் பக்கமே திரும்பி வந்தார்.

உண்மையைச் சொல்வதற்குச் செலவே இல்லை என்பதை ஒற்றைச்சாவியாரால் நம்ப முடியவில்லை. இதில் ஏதாவது சூது இருக்குமோ என்று ஒரு கணம் யோசித்தார்.

கடை காலியாயிற்று. கவுன்டர்க்காரம்மா கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். இஸ்திரி மாஸ்டரின் மணிக்கட்டு எப்படியோ குணமாகி, ஒரே தூக்கில் பத்துக் கோட்டுகளைத் தூக்கிக்கொண்டு நடந்தார். மெக்கானிக் கையெழுத்துப் போட்ட பெட்டியோடு எப்போதோ வந்து, கதவோரம் நின்றுகொண்டிருந்தார். மனைவி எல்லோருக்கும் டீ ஊற்றினார். கொழுந்தனுக்குச் சர்க்கரை குறைவாகப் போட்டுக் கொடுத்தார். இத்தனை வருடம் கழித்தும் அளவு மறக்கவில்லை.

தம்பி டீயைக் குடித்துவிட்டு, "அப்ப நான் கிளம்பறேன் அண்ணி," என்றான்.

"கொஞ்சம் இரு," என்றார் ஒற்றைச்சாவியார்.

இருந்தான்.

வருடங்களுக்கு முன் தம்பி படியிறங்கிப் போன அன்று சாயங்காலமே அவர் தொண்டைவரை வந்த ஒரு வார்த்தை உண்டு. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டார். அதற்குள் எதிரே கடை வந்துவிட்டது. வார்த்தை தொண்டையிலேயே தங்கிவிட்டது. தினமும் கண்ணாடி வழியாகத் தம்பி கடை திறப்பதைப் பார்க்கும்போதெல்லாம் அதை விழுங்கிக்கொண்டார். விழுங்கியது கசந்ததால் அதையும் தம்பியின் கணக்கிலேயே எழுதினார்.

"என்னண்ணா?"

"ஒண்ணுமில்லை… இல்லை, ஒண்ணு இருக்கு."

கவுன்டர்க்காரம்மாவின் கை கயிற்றில் நின்றது. பின்கட்டில் இஸ்திரிப் பெட்டியின் சத்தம் நின்றது. மனைவி ஊற்றிக்கொண்டிருந்த டீ கோப்பையில் பாதியோடு நின்றது.

"நீ எடுக்கலை. எனக்குப் புரிஞ்சுடுச்சு. கம்ப்யூட்டர் போனா இன்னொண்ணு வாங்கிக்கலாம். எனக்கு ஒண்ணு ஆயிடுச்சுன்னா இந்தக் கடைக்கு யாருடா இருக்கா?" அவர் கோட்டு ஒன்றின் கையைப் பிடித்துத் தடவிக்கொண்டே, அதைப் பார்த்துப் பேசுவதுபோல மீதியைச் சொன்னார். "திரும்ப வந்துடுடா. ரெண்டு கடையையும் ஒண்ணாக்கிடலாம். நான்தான் கூப்பிடறேன். வா."

தம்பி அண்ணனின் தோளில் கையை வைத்தான். அந்தக் கை அங்கே வைக்கப்பட்டபோது, ஒற்றைச்சாவியார் வாழ்க்கையில் முதல்முறையாக, அது எதற்காக வைக்கப்பட்டது என்று யோசிக்கவில்லை.

கதவோரம் ஒரு தொண்டை கனைத்தது. திங்கட்கிழமை எதையோ கேட்கத் தொடங்கி வாயடைக்கப்பட்ட மெக்கானிக், கையெழுத்துக் கலையாத பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு மனைவியைப் பார்த்துக் கேட்டார்:

"அக்கா, அதான் அவர் வாயாலயே கூப்பிட்டுட்டாரே… ஞாயித்துக்கிழமை நீங்க கழட்டிக் கொண்டுவந்து குடுத்த அந்த வயரை இனிமேலாவது திரும்ப மாட்டிடட்டுமா?"